எனக்கு வராத காமாலை

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். சோப்பு வைக்கும் மாடத்தில் ஒரு கண்ணாடி டம்ளர். அதற்குள் என் சிறுநீர். இடது உள்ளங்கையில் கொஞ்சம் வெள்ளைச் சோறு. சட்டைப் பையில், நாள்காட்டித் தாளில் மடித்த மஞ்சள்தூள்.

வெளியே என் மனைவியின் தம்பி குமரவேல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, சோத்தப் போட்டாச்சா?"

"போடுறேன்டா."

"போட்டுட்டு அஞ்சு நிமிசம் அப்புடியே வுட்டுடு. கலக்காத."

எங்கள் பக்கத்தில் காமாலைக்கு இரத்தப் பரிசோதனையைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம். சிறுநீரில் சோற்றைப் போட்டு வைப்பார்கள். சோறு மஞ்சளானால் காமாலை. வெள்ளையாகவே இருந்தால் ஒன்றுமில்லை, எழுந்து வேலையைப் பார்க்கலாம். டாக்டர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு வீடு இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

என் சோறு மஞ்சளாகாது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்குக் காமாலை இல்லை.

கொஞ்சம் சோற்றைப் போட்டு, தாளைப் பிரித்து மஞ்சளைத் தூவினேன். அது கரையாமல் மேலேயே மிதந்தது. விரலை விட்டுக் கலக்கினேன். ஜாஸ்தியாகிவிட்டது, எலுமிச்சைச் சாதம் மாதிரி வந்து நின்றது. பாதியைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மறுபடி சோறு போட்டு, ஒருவழியாக நம்பக்கூடிய ஒரு மஞ்சளுக்குக் கொண்டுவந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அரசாங்க உத்தியோகம். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் நான் அக்கறையோடு செய்த ஒரே வேலை அதுதான்.

கதவைத் திறந்து டம்ளரை நீட்டினேன். குமரவேல் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"யப்பா! அக்கா, இங்க வந்து பாரு. இவ்ளோ முத்த வுட்டுட்டு இருந்துருக்காரு மனுசன்!"

என் மனைவி கலைச்செல்வி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் என் வியாதி.

எழுதுவதாக இல்லை

இந்தத் தொடரை ஆரம்பித்தபோதே இந்த அத்தியாயம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். இத்தனை வாரங்களாக அலுவலகக் கதை, பஸ் கதை, வெள்ளம் வந்த கதை என்று ஓட்டிவிட்டேன். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டுக் கலை கேட்டாள், "ஊர்க் கதையெல்லாம் எழுதறீங்க, நம்ம கதைய எப்ப எழுதுவீங்க?" என்று.

"எந்தக் கதை?"

"எம் மஞ்சத்தூளத் திருடுன கதை."

சரி, எழுதிவிடுகிறேன். திருடியது நான்தானே.

இறங்காத பஸ்

எங்கள் வீடு சிதம்பரத்தில். அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில். காலை ஏழரைக்குப் பாண்டி பஸ்ஸைப் பிடித்தால் முட்லூர், ஆலப்பாக்கம் என்று போய்க் கடலூரில் இறக்கிவிடும். அங்கிருந்து டவுன் பஸ். வருடக்கணக்காக இதே பாடு. எந்த இருக்கையில் வெயில் அடிக்காது, எந்த நடத்துநர் சில்லறைக்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் அத்துப்படி.

அந்த வருடம் சித்திரை கடைசியிலிருந்து ஏதோ ஒன்று சரியில்லை. பெரிய துக்கம் எதுவுமில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். "என்ன பிரச்சினை? கடனா? பையன் ஏதாவது பண்ணிட்டானா?" பையன் கோயம்புத்தூர் விடுதியில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தான். கடன் கிடையாது. ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும், அதைக் கைகாட்டியிருக்கலாம்.

காலையில் எழுந்து கட்டிலில் உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஒரு காலில் சாக்ஸ் போட்டிருப்பேன், இன்னொரு சாக்ஸ் கையில் இருக்கும். அதைப் போட வேண்டும் என்று தெரியும். கை போகாது. சாப்பாட்டில் ருசி போய்விட்டது. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். அலுவலகத்தில் ஒரு கோப்பின் முதல் பத்தியையே முற்பகல் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் என்ன படித்தேன் என்று தெரியாது.

ஒருநாள் பஸ் கடலூரில் நின்றது. நான் இறங்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று நன்றாகத் தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். பஸ் மஞ்சக்குப்பம் மைதானத்தையும் தாண்டி, என் அலுவலகத்துக்குத் திரும்பும் தெருவையும் தாண்டிப் போனது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். நடத்துநர் வந்து, "சார், பாண்டிக்கா?" என்றார். மீதி டிக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். பாண்டியில் இறங்கி, பஸ் நிலையத்து சிமெண்டு பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் திரும்பினேன். பாண்டிச்சேரிக்குப் போய் வாய்கூட நனைக்காமல் திரும்பிய ஆம்பளை எங்கள் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குத்தான் பயம் வந்தது. இத்தனை நாளும் சோம்பல் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். சோம்பேறிகூட இறங்குமிடத்தில் இறங்கிவிடுவான்.

ஹெல்மெட் போட்ட நோயாளி

சிதம்பரத்திலேயே ஒரு மருந்துக் கடை மாடியில் மனநல டாக்டர் உட்காருகிறார் என்று தெரியும். தெரியும் என்றால், அந்த மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று கீழே டீக்கடையிலிருந்து நானும் வேடிக்கை பார்த்தவன்தான்.

அதனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினேன். காத்திருக்கும் கூடத்திலும் கழற்றவில்லை. எங்கள் ஊரில் வண்டி ஓட்டும்போதே யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. நாற்காலியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவனை அங்கிருந்த எட்டுப் பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூஞ்சியைக் காட்டியிருந்தால் ஒருத்தர்கூடக் கவனித்திருக்க மாட்டார்.

டாக்டர் சின்னப் பெண். முப்பது வயதிருக்கும். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியப் போகிறது என்று எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். "எத்தனை நாளா சார் இப்புடி?" என்றார். "ரெண்டு மாசமா" என்றேன். தூக்கம், பசி, வேலை எல்லாம் கேட்டார். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று, டீ சாப்பிடுகிறீர்களா என்பது போல இயல்பாகக் கேட்டார். "இல்லை" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

"இதுக்குப் பேரு டிப்ரஷன் சார். மனச்சோர்வு. மாத்திரை வேல செய்ய ரெண்டு மூணு வாரம் ஆவும். நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது. கொஞ்ச நாள் லீவு போடுங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க."

லீவு போட்டேன். மற்ற இரண்டையும் செய்யவில்லை.

கரண்டு

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் பிரிவில் ஒருவர் இருந்தார். அமைதியான மனிதர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு தடவை ஒன்றரை மாதம் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது, மனநல சிகிச்சை எடுத்தார் என்று செய்தி கசிந்துவிட்டது. அவருக்கு யாரோ 'கரண்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மண்டையில் கரண்டு வைத்து அனுப்பியிருக்கிறார்களாம். அவர் டீ குடிக்க வந்தால், "தள்ளு தள்ளு, ஷாக் அடிக்கப் போவுது" என்று சிரிப்போம். அவரும் சிரிப்பார். சில மாதங்களில் மங்கலம்பேட்டைப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

'யாரோ' என்று எழுதிவிட்டேன். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

ஆகவே லீவுக்கு ஒரு கௌரவமான வியாதி தேவைப்பட்டது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில், 'எனக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதம் ஈட்டிய விடுப்பு' என்று போட்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் கீழாநெல்லிப் படங்களாக வந்து குவிந்தன. கரும்புச்சாறு, நீர்மோர், முள்ளங்கி, இளநீர். எட்டு வருடமாக என்னோடு பேசாத கணக்குப் பிரிவு அம்மாள்கூட 'டேக் கேர் சார்' என்று கைகூப்பியிருந்தார். காமாலைக்கு என்ன ஒரு மரியாதை!

கலையிடமும் அதையே சொன்னேன். மாத்திரை அட்டையைப் பார்த்து என்ன என்று கேட்டாள். "வாயு மாத்திரை" என்றேன். அவள் உடனே சேத்தியாத்தோப்புக்கு, தம்பிக்குப் போன் போட்டாள். குமரவேல் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினான். என் கீழிமையை இழுத்துப் பார்த்தான்.

"கண்ணு வெளுப்பாதான இருக்குது? எதுக்கும் சோத்தப் போட்டுப் பாத்துடுவோம் மாமா."

அப்படித்தான் நான் குளியலறைக்குப் போனேன்.

வெள்ளாற்றங்கரை வைத்தியம்

மறுநாள் விடியும் முன்பே குமரவேல் என்னைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துச் சேத்தியாத்தோப்புக்கு ஓட்டினான். வெள்ளாற்றுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறார். சூரியன் கிளம்புவதற்குள், வெறும் வயிற்றில், மூன்று நாள் குடிக்க வேண்டும். எனக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய கண்களும் நிஜமாகவே மஞ்சளாக இருந்தன. ஒரு குழந்தை என்னைப் பார்த்து, "இவுருக்கு இல்லம்மா" என்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வைத்தியம் செய்த அம்மாளுக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. மோரில் கரைத்த பச்சை உருண்டையை நீட்டினார். "இருவத்தோரு நாளு பத்தியம். உப்பு கூடாது, எண்ணெ கூடாது, புளி கூடாது, கவிச்சி ஆவவே ஆவாது. இங்கிலீஷ் மருந்து ஒண்ணும் உள்ள போவக் கூடாது. அடுத்தது வா."

வீட்டுக்கு வந்ததும் குமரவேல் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். கலை மருந்து டப்பாவை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, அவளுடைய மூட்டுவலித் தைலம். தைலம் குடிக்கிற மருந்தில்லையே என்றேன், கேட்கவில்லை. பிறகு என் வாயு மாத்திரை அட்டை.

"ஈரல் கெட்டுக் கெடக்கறப்ப வாயு மாத்தரை கேக்குதா உங்களுக்கு?" என்று அதையும் குப்பைப் பையில் போட்டாள். வாசலில் துப்புரவு வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வேறு அட்டை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பல் துலக்குவதற்கே ஒரு மணி நேரம் யோசிக்கிறவனுக்கு, சட்டை மாட்டி, சாக்குச் சொல்லி, மருந்துக் கடை வரை போவது எவ்வளவு தூரம் என்று உங்களுக்குப் புரியாமல் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

பத்தியம்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வாரம் பத்தியம் நன்றாகவே இருந்தது. இத்தனை மணிக்கு மோர், இத்தனை மணிக்கு இளநீர் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் குடித்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காமாலைக்காரன் படுத்திருப்பதில் என்ன ஆச்சரியம்? உப்பில்லாத சோறும் எனக்கு ஒரு கஷ்டமாக இல்லை. உப்புப் போட்டபோதும் அது அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் ஆட்டம் கண்டது. தலை கிறுகிறுத்தது. காரணமில்லாமல் கண்ணில் நீர் வந்தது. எதிர் வீட்டில் யாரோ பிரஷர் குக்கர் வைத்தார்கள், அந்த விசில் சத்தத்துக்கு அழுதேன். கலை, காமாலை அசதி என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு இளநீர் வெட்டினாள்.

பிறகு அந்த நினைப்பு வந்தது. பெரிய நாடகமாக இல்லை. ஒரு குறிப்பாணை மாதிரி, சாதாரணமாக வந்தது. நான் இல்லாவிட்டால் இவளுக்குப் பத்தியச் சமையல் மிச்சம். குமரவேலுக்குப் பெட்ரோல் மிச்சம். யாருக்கும் நட்டமில்லை. எங்கே பார்த்தாலும் அது சரியாக இருப்பது போலவே பட்டது. டாக்டர் மறுபடி கேட்டால் நான் இப்போது வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. நான் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றும் தெரிந்தது. சொல்லாவிட்டால் பிழைக்க மாட்டேன். சொன்னால், நான் வைத்த பட்டப்பெயர் எனக்கே வரும். இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு உலை

பத்தியத்தின் பதினாறாம் நாள். மதியம் இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

கலை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் வெள்ளைச் சோறு, வேகவைத்த சுரைக்காய். ஒரு வாய் வைப்பாள், மென்று முழுங்க முடியாமல் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். பிறகு அடுத்த வாய்.

"என்னா இது?" என்றேன்.

"சோறு."

"கொழம்பு?"

"வைக்கல."

"எப்பலேர்ந்து?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க பத்தியம் புடிச்ச அன்னியிலேர்ந்துதான். ஒரு வூட்ல ரெண்டு ஒலையா வப்பாங்க? நீங்க உப்பில்லாமத் திங்கறப்ப எனக்கு மட்டும் எப்புடி எறங்கும்?"

என் மனைவிக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. மோர்சோற்றுக்கு மட்டும் இரண்டு மிளகாய் வற்றல் கடிப்பாள். பதினாறு நாளாகப் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு வேளைகூடப் பார்க்கவில்லை. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. கன்னம் உள்ளே போயிருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த பஸ் பயத்துக்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான் என்று நினைக்கிறேன்.

"கலை, எனக்குக் காமாலையே இல்ல."

"பேசாமப் போயிப் படுங்க. மண்டைக்கு ஏறிடுச்சு போலருக்கு."

"இல்லடி. நெசமாத்தான் சொல்றேன்."

அலுவலகப் பையைக் கொண்டுவந்து, உள்ளறையில் மடித்து வைத்திருந்த டாக்டர் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் வாங்கினாள். மேலே அச்சடித்திருந்ததைப் படித்தாள். மறுபடி படித்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இறங்காதது, ஹெல்மெட், கரண்டு, இரண்டு நாளாக வருகிற நினைப்பு.

கலை தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப அந்த டம்ளர்ல?"

"மஞ்சத்தூள்."

"எம் மஞ்சத்தூளா?"

"ம்."

"அடப் பாவி மனுசா! பதினாறு நாளு! வாயில வைக்க வெளங்காம பதினாறு நாளு தின்னுருக்கேன்! எங்கூர்க் கோயில்ல வேற வேண்டியிருக்கேன்! நீ மஞ்சத்தூளக் கலக்கிக் காட்டுனியா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது அன்றைக்குத்தான். இன்னும் நிறையச் சொன்னாள், அச்சில் ஏற்ற முடியாது. நான் நின்று வாங்கிக்கொண்டேன். பாதியில் சட்டென்று நிறுத்தினாள். முகம் மாறியது.

"அந்த வாயு மாத்தரை…"

நான் தலையாட்டினேன்.

"அதானா இது? நாந்தான தூக்கி வண்டில போட்டேன்?"

"உனக்குத் தெரியாதே."

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். கழுவிய கையோடு வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் போகிற வரைக்கும், நான் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தாழிடக் கூடாது என்று வெளியே நின்றாள்.

அவள் சொன்ன பதில்

இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினேன். கலை முன்னால் போனாள்.

டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். மாத்திரையை இப்படித் திடுமென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கினார். அந்த நினைப்பைப் பற்றி நிறையக் கேட்டார். மறுபடி ஆரம்பிக்கலாம் என்றும், அது வந்தால் எந்த நேரமானாலும் மறைக்காமல் வீட்டில் சொல்ல வேண்டும், உடனே இங்கே வர வேண்டும் என்றும் சொன்னார். மாத்திரை கலையின் கையில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. பிறகு பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சதா அன்னைக்குச் சொன்னீங்க" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"இல்லம்மா, அதுக்கும் முன்னாடியே" என்றாள் கலை. "சித்திரை கடைசிலேர்ந்தே இப்புடித்தான். மொதல்ல டீவி நியூசப் பாத்துத் திட்டறத நிறுத்துனாரு. அப்புறம் ஷேவ் பண்றப்ப பாடறத நிறுத்துனாரு. பையன் போன் பண்ணா, ஸ்பீக்கர்ல போட்டு 'ம்'னு மட்டும் சொல்லுவாரு. நான் ஆபீஸ்ல ஏதோ தொந்தரவுன்னு நெனச்சேன். கேட்டா வலிக்குமோன்னு கேக்கல."

நான் அவளைப் பார்த்தேன். நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாதியின் பெயர் மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது கவனிச்சீங்களாம்மா?" என்றார்.

கலை கொஞ்சம் தயங்கினாள். "எங்கூட சண்ட போட்டே மூணு மாசத்துக்கு மேல ஆவுதும்மா," என்றாள். "இவுரு சண்டக்காரரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு நாளு சண்ட இல்லாமப் போனதில்ல. நானும் வுட மாட்டேன். இந்த மூணு மாசமா நான் என்னா சொன்னாலும் சரிங்கறாரு. கொழம்பு தீஞ்சி போனாலும் சரிங்கறாரு. அந்த வூட்ல இருக்கவே பயமா இருக்குதும்மா எனக்கு."

அவள் அழவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு

எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. சரியாகிவிட்டது என்று இப்போதும் எழுத மாட்டேன். மாத்திரை தன் வேலையை நிதானமாகத்தான் செய்தது. கலைக்கு டாக்டர் சில யோசனைகள் சொல்லியிருந்தார். காலையில் எழுந்ததும் முகத்தில் வெயில் பட வேண்டும். மனசு வந்தாலும் வராவிட்டாலும் குளிக்க வேண்டும். தினம் ஒரு சின்ன வேலை. எனக்குக் கீரை ஆய்கிற வேலை கொடுக்கப்பட்டது. ஒரு கட்டு முளைக்கீரையை ஆய்ந்து முடிக்க முதல் நாள் முற்பகல் முழுவதும் ஆனது. பத்தாம் நாள் அரை மணி நேரம். இப்படித்தான் நான் தேறியதை நாங்கள் அளந்தோம்.

குமரவேலிடமும் உண்மையைச் சொன்னேன். "சொல்லியிருந்தா அந்த டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போவ மாட்டனா மாமா? நான் என்னா வேத்தாளா?" என்றான். அவன் கோபம் நியாயம். ஒரு வாரம் போன் பண்ணவில்லை.

விடுப்பு முடிந்து அலுவலகம் போனேன். காமாலை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம், காமாலை இல்லை, மனச்சோர்வு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் எனக்குப் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும், நான் வாங்க வேண்டிய பாக்கிதான் அது. மங்கலம்பேட்டைக்குப் போனவரின் நம்பரை விசாரித்து வாங்கினேன். பேசி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், பழைய கதை" என்றார். பரவாயில்லை என்கிற குரலாக அது இல்லை.

இன்னும் சில காலைகளில் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இருக்கிறேன். இப்போது கலையைக் கூப்பிட்டு, "இன்னிக்கு வந்துருக்கு" என்று சொல்லிவிடுகிறேன். அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலமாரியில் என் நீலச் சட்டையைத் தேடினேன். காணோம். சாம்பல் நிறச் சட்டையையும் காணோம். கலையைக் கேட்டேன். பழைய துணி வாங்குகிறவனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

"பக்கெட்டா? யாரக் கேட்டுப் போட்ட? அது என்ன பழசு? காலர் நைஞ்சிருந்தாப் பழசா? உன் பீரோவுல தொங்குதே அறுவது பொடவ, அதுல ஒண்ணத் தூக்கிப் போடேன்! ஏற்கெனவே வூட்ல நாலு பக்கெட் கெடக்குது, அஞ்சாவது பக்கெட்டுக்கு என் சட்டதான் கெடச்சுதா? புத்தி இருக்கா உனக்கு?"

தெருவுக்கே கேட்டிருக்கும். மூச்சு வாங்க நின்றேன். வழக்கப்படி அவள் பதிலுக்குக் கத்த வேண்டும். பக்கெட் விலையைச் சொல்லி, என் அம்மா வீட்டு வண்டவாளங்களைச் சொல்லி, முக்கால் மணி நேரம் போக வேண்டிய சண்டை அது.

கலை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய் போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள் போலிருக்கிறது, தனக்குள் திட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுத்ததும் அவள் குரல் உடைந்துவிட்டது.

"டேய் குமாரு… மாமா கத்துறாருடா!"